நிலவின் கணக்கு நாட்காட்டித் தாளிலேயே இருக்கிறது

நிலவு ஏன் தேய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "பூமியின் நிழல் அதில் விழுகிறது" என்ற பதில் நன்றாகப் படித்தவர்களிடமிருந்தும் வரும். கிரகணத்துக்கு மட்டும் உரிய விளக்கத்தை மாதம் முழுவதற்கும் இழுத்துவிடுகிறோம். திருகோணமலையில் இருப்பவர்கள் இந்தப் பிழையைத் தீர்த்துக்கொள்ளப் பாடப்புத்தகம் தேடவேண்டியதில்லை. கிழக்கே தடையில்லாத கடல் கிடக்கிறது, சுவரில் திதியும் நட்சத்திரமும் போட்ட நாட்காட்டி தொங்குகிறது. இந்த இரண்டும் போதும்.

வளர்பிறை அட்டமியன்று பின்னேரம் உப்புவெளிக் கரைக்கோ டச்பேக்கோ போய்க் கடலைப் பார்த்து நில்லுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் மறைந்து ஐந்து பத்து நிமிடத்தில், கடல் விளிம்பின்மேல் சாம்பல் கலந்த நீலப் பட்டி ஒன்று எழும். அதன் மேல்விளிம்பில் மங்கலான ரோஸ் நிறம் ஓடும். தூரத்து மழைமேகம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் பூமியின் நிழல். நம் வளிமண்டலத்தின் மேலேயே விழுந்து கண்ணுக்குத் தெரிகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயர்ந்து, கால் மணித்தியாலம் போனால் இருட்டோடு கலந்துவிடும். இப்போது தலையை நிமிர்த்துங்கள். அரைநிலவு உச்சிக்குக் கிட்ட நிற்கும். நிழல் கிழக்குக் கடலோரத்தில், நிலவு அதிலிருந்து 90 பாகை தள்ளி. அந்த நிழல் எப்படி நிலவின் பாதியை மறைக்கும்?

இன்னொரு சாட்சி விளிம்பின் வடிவம். நிலவின் தூரத்தில் பூமியின் கருநிழல் நிலவைப்போல ஏறத்தாழ 2.7 மடங்கு அகலமானது, வட்டமானது. அது எங்கே விழுந்தாலும் விளிம்பு வில்லாக வளைந்தே இருக்கும். 2025 செப்டெம்பர் 7 இரவு இங்கே தெரிந்த முழுச் சந்திர கிரகணத்தில் அந்த வளைவைப் பார்த்திருப்பீர்கள். அட்டமி நிலவிலோ ஒளிக்கும் இருளுக்கும் நடுவிலுள்ள கோடு நேராக இருக்கிறது. அதற்குப் பிந்திய நாட்களில் ஒளியுள்ள பக்கம் இருபுறமும் புடைத்து நிற்கிறது. எந்த வட்ட நிழலாலும் அப்படி வெட்ட முடியாது.

உண்மை இதைவிட எளியது. நிலவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில், மறுபாதியில் எப்போதும் இரவு. மாறுவது, அந்த வெயில் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டும். அதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு எண்: நம் கண்ணிலிருந்து பார்க்கும்போது சூரியனுக்கும் நிலவுக்கும் இடையிலுள்ள கோணம். அந்த எண்ணைத்தான் நாட்காட்டி திதி என்ற பெயரில் தினமும் அச்சடிக்கிறது.

ஒரு திதி 12 பாகை. அமாவாசை முடியும் கணத்தில் கோணம் பூச்சியம். பிரதமை முடியும்போது 12, பஞ்சமி முடியும்போது 60, ஏகாதசி தொடங்கும்போது 120, பூரணை முடியும்போது 180. முப்பது திதிக்கு 360 பாகை, ஒரு சுற்று. அட்டமி 84இலிருந்து 96 வரை ஓடுவதால் சரியான அரைநிலவு அட்டமியின் நட்ட நடுவில் வருகிறது. திதியை ஒரு நாள் என்று எடுத்துக்கொண்டால் கணக்குப் பிசகும். நிலவு பூமிக்குக் கிட்ட வரும்போது வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் ஓடுவதால், ஒரு திதி 20 மணித்தியாலத்திலும் முடியலாம், 27 மணித்தியாலம்வரை இழுபடவும் செய்யலாம். அதனால்தான் சில நாட்களில் ஒரே தாளில் இரண்டு திதி மாறுகிறது, சில திதி இரண்டு சூரிய உதயத்தைக் காண்கிறது.

கோணத்திலிருந்து ஒளிப் பங்கைக் கணக்கிட, ஒன்றிலிருந்து அந்தக் கோணத்தின் கோசைனைக் கழித்து இரண்டால் வகுங்கள். திருதியை தொடங்கும்போது நிலவுத் தட்டில் 4 வீதம் ஒளிர்கிறது, முடியும்போது ஏறத்தாழ 10 வீதம். பஞ்சமி முடிவில் கால்வாசி. தசமி முடிவில் முக்கால்வாசி. பூரணைத் திதி தொடங்கும் நேரத்திலேயே 99 வீதம் நிறைந்துவிட்டது. அதாவது பஞ்சமிக்கும் தசமிக்கும் இடைப்பட்ட ஐந்து திதியில் தட்டில் பாதி நிரம்புகிறது. கடைசி ஒன்றரைத் திதியில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவுமில்லை. பூரணைக்கு முதல்நாளும் மறுநாளும் "இன்றைக்குத்தானே பூரணை?" என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

வெளிச்சத்தின் கதை வேறு. பாதி நிலவு பாதி வெளிச்சம் தரும் என்று தோன்றும். உண்மையில் அட்டமி நிலவின் வெளிச்சம் பூரணை நிலவின் பத்தில் ஒன்றளவுதான். அட்டமியில் சூரியன் பக்கவாட்டில் அடிப்பதால் அங்குள்ள மேடும் பள்ளமும் புழுதியும் எல்லாம் நிழல் வீசுகின்றன. பூரணையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து நேரே அடிக்கிறது, நிழல்கள் அந்தந்தக் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துவிடுகின்றன. கடலுக்குப் போகிறவர்கள் நிலவுக்காலம் என்று கணக்கெடுப்பது பூரணையை ஒட்டிய சில நாட்களைத்தான், வளர்பிறை முழுவதையும் அல்ல. அது சரியான கணக்கு.

உதிக்கும் நேரத்துக்கும் அதே திதி உதவும். 12 பாகைக்கு வானம் 48 நிமிடத்தில் திரும்புகிறது. வளர்பிறையில், பொழுதுபட்ட பிறகு திதி எண்ணை 48ஆல் பெருக்கிய நிமிடங்கள் நிலவு நிற்கும். தேய்பிறையில், பொழுதுபட்டு அதே அளவு நிமிடங்கள் கழித்து நிலவு வரும். வளர்பிறை பஞ்சமி முடிவென்றால் இரவு பத்து மணிபோல மேற்கே இறங்கும். தேய்பிறை பஞ்சமி முடிவென்றால் பத்து மணிபோலக் கடலிலிருந்து கிளம்பும். நம் ஊர் 8½ பாகை வட அகலாங்கில் இருப்பதால் இந்தக் குறுக்குவழி அரை மணித்தியாலத்துக்கு முன்பின்னாகப் பொருந்திவிடும். ஐரோப்பாவின் வடக்கே இதை நம்பினால் ஏமாற்றம்தான்; அங்கே கோடைக்கும் மாரிக்கும் மணிக்கணக்கில் வித்தியாசப்படும்.

ஒரு எச்சரிக்கை. நாட்காட்டியில் "பஞ்சமி பி.ப. 2.10 வரை" என்று இருந்தால், பொழுதுபடும் நேரத்துக்குச் சஷ்டி நடந்துகொண்டிருக்கும். சூரிய உதயத் திதியைப் பார்த்துவிட்டு இரவுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் முக்கால் மணித்தியாலம் தவறுவது இதனால். அத்தோடு பழைய வாய்பாட்டைப் பின்பற்றும் வாக்கிய பஞ்சாங்கமும் இன்றைய வானியல் கணிப்பைப் பின்பற்றும் திருக்கணித பஞ்சாங்கமும் திதி முடிவில் சில மணித்தியாலங்கள் வேறுபடக்கூடும். விரதத்துக்கு எதைப் பின்பற்றுவது என்பது வீட்டு வழக்கம். வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் திருக்கணிதத்தை எடுங்கள்.

இந்த நாட்டில் நிலவின் கோணத்தை அரசாங்கமே வார விடுமுறையாக வைத்திருந்த காலமும் உண்டு. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்குப் பதிலாகப் போயா தினங்கள்தான் ஓய்வுநாள்: அமாவாசை, பூரணை, இரண்டு அரைநிலவுகள். 29.53 நாளை நான்காகப் பிரித்தால் 7.38 வரும். ஆகவே ஒரு வாரம் ஏழு நாளில் முடியும், இன்னொன்று எட்டுக்குப் போகும். கந்தோருக்கும் வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அது பெரிய தலையிடி. இப்போது பூரணை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பிறையின் சாய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வானத்தை வைத்து வரைந்தவை. அவற்றில் வளர்பிறை வலப்பக்கம் ஒளிர்ந்து நிமிர்ந்து நிற்கும். கிண்ணியாப் பாலத்தில் நின்று தம்பலகாமம் குடாப் பக்கம் இறங்கும் பிறையைப் பார்த்தால் அது மல்லாந்து கிடக்கும். ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியனை நோக்கியே இருக்கும், இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர் கீழே இறங்குகிறது. ஆண்டு முழுவதும் ஒரே சாய்வு இல்லை. பங்குனி, சித்திரையில் பிறை மல்லாந்து, இடப்பக்கம் சற்றே சரிந்திருக்கும். புரட்டாசியில் வலப்பக்கம் 30 பாகையளவு சாய்ந்துவிடும். படத்தில் இருப்பதுபோல வரையாத பிள்ளையின் கொப்பியில் பிழை போடுமுன் ஆசிரியர் ஒருமுறை வெளியே வந்து பார்ப்பது நல்லது.

நோன்புப் பிறை பார்க்கும் மூதூர், கிண்ணியா மக்களுக்கு இந்த மல்லாந்த பிறை ஒரு வசதி. கோணம் 7 பாகைக்குக் குறைவாக இருந்தால் பிறையென்று ஒன்று உருவாவதே இல்லை. அமாவாசைக் கணம் கழிந்து 15 மணித்தியாலத்துக்குள் வெறுங்கண்ணில் அகப்படுவது மிக அரிது. 20 தாண்டினால், மேற்கு வெளியாக இருந்தால், வாய்ப்பு உண்டு. மேற்கு அடிவானத்தில் மரமோ மேகமோ நின்றால் 25 மணித்தியாலப் பிறையும் தவறிப்போகும். நாலாம் பிறையைப் பார்க்கக் கூடாதென்று வீட்டில் தடுப்பார்கள். ஆனால் பிறையின் இருண்ட பகுதி சாம்பல் நிறத்தில் முழு வட்டமாகத் தெரிவதைப் பார்க்க நல்ல நாட்களில் அதுவும் ஒன்று. பூமியில் பட்ட வெயில் தெறித்துப் போய் நிலவின் இரவில் விழுந்து திரும்பி வரும் வெளிச்சம் அது.

வகுப்பில் செய்து காட்ட நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு பகல்நேரச் சோதனை. தேய்பிறை அட்டமியை ஒட்டிய நாட்களில் காலை ஏழு, எட்டு மணிக்கு நிலவு மேற்கு வானில் வெள்ளையாக நிற்கும். மேசைப்பந்துப் பந்து ஒன்றைக் குச்சியில் குத்தி, வெயில் படும்படி, கையை நீட்டி, நிலவுக்குப் பக்கத்தில் தெரியுமாறு பிடியுங்கள். பந்தில் எவ்வளவு வெயிலும் எவ்வளவு நிழலும் தெரிகிறதோ அதே அளவு, அதே சாய்வில், நிலவிலும் தெரியும். இரண்டுக்கும் ஒரே சூரியன், ஒரே கோணம். விளக்கம் சொல்லாமலே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். வளர்பிறையில் இதையே பின்னேரம் நாலு மணிக்குக் கிழக்குப் பக்கம் பார்த்துச் செய்யலாம்.

இருட்டறையில் மின்குமிழ் வைத்துச் செய்வதில் நாலு இடத்தில் பிழைக்கும். முதலாவது, ரோச் லைட்டைப் பயன்படுத்துவது. அதன் ஒளிக்கற்றை குறுகியது, பந்தைச் சுற்றிக் கொண்டுபோகையில் வெளிச்சம் தப்பிவிடும். மூடியில்லாத குமிழ்தான் வேண்டும், கண் உயரத்தில். இரண்டாவது, வெள்ளைச் சுவர். அதில் தெறிக்கும் ஒளி பந்தின் இருட்டுப் பக்கத்தை வெளுப்பாக்கிப் பிறையை அழித்துவிடும். குமிழுக்கு எதிரே கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். மூன்றாவது, பூரணை நிலைக்கு வரும்போது உங்கள் தலையின் நிழலே பந்தை மூடிவிடும். "அப்படியென்றால் ஒவ்வொரு பூரணையும் கிரகணம்தானே?" என்று பிள்ளை கேட்கும், நியாயமான கேள்வி. பந்தைத் தலைக்கு மேலே ஒரு சாண் உயர்த்துங்கள். நிலவின் பாதையும் சூரியனின் பாதைக்கு 5 பாகை சரிந்திருப்பதால் பெரும்பாலான பூரணைகளில் நிலவு பூமியின் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிவிடுகிறது. 5 பாகை என்றால் பத்து நிலவை அடுக்கிய அளவு.

நாலாவது பிழைதான் சுவையானது. குமிழை ஒரு மீற்றரில் வைத்து, பந்தை 60 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்தால், பந்து சரிபாதி ஒளிர்வது 90 பாகையில் அல்ல, 53 பாகையில். குமிழை 3 மீற்றருக்குத் தள்ளினால் 78 பாகைக்கு வரும். குமிழ் தூரப் போகப் போக 90ஐ நெருங்கும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் அரிஸ்டார்கஸ் இதே தந்திரத்தைத் தலைகீழாகப் போட்டார்: அரைநிலவு வரும் கணத்தில் கோணத்தை அளந்தால் சூரியனின் தூரம் கிடைக்குமே என்று. அவர் எடுத்த அளவு 87 பாகை. அதன்படி சூரியன் நிலவைவிட 19 மடங்கு தூரம். உண்மைக் கோணம் 89.85 பாகை, தூரம் ஏறத்தாழ 390 மடங்கு. வழி சரி, வெறுங்கண்ணால் அந்தக் கடைசி மூன்று பாகையைப் பிடிக்கத்தான் முடியவில்லை. ஆகவே வகுப்பில் குமிழை அறையின் கோடிக்குத் தள்ளிவிடுங்கள்.

அளவுத்திட்டம் காட்ட விரும்பினால், பூமிக்கு 22 சென்ரிமீற்றர் கால்பந்து, நிலவுக்கு 6 சென்ரிமீற்றர் பந்து. இரண்டுக்கும் இடையே 6.6 மீற்றர். படங்களில் ஒட்டினாற்போல வரைவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இடைவெளி அதிர்ச்சி தரும். அதே அளவில் சூரியன் 24 மீற்றர் குறுக்களவோடு 2½ கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும்.

இனி இரண்டாவது கேள்வி. எப்போதும் அதே முயல், அதே கறுப்புத் திட்டுகள். நிலவு ஏன் முதுகைக் காட்டுவதில்லை? "அது சுழல்வதில்லை" என்பது வழக்கமான பதில். உண்மை நேர் எதிர்: சுழல்வதால்தான் காட்டுவதில்லை.

கோணேசர் கோயிலில் வலம் வரும்போது கருவறை எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம். இடக்கைப் பக்கத்தைச் சுவாமி பார்ப்பதே இல்லை. ஆனால் ஒரு சுற்று முடிவதற்குள் உங்கள் முகம் கடல், நகரம் என்று நாலு திசைக்கும் ஒருமுறை திரும்பிவிட்டது. வெளியே நின்று பார்ப்பவருக்கு நீங்கள் ஒரு வலமும் வந்தீர்கள், உங்கள் அச்சில் ஒரு சுற்றும் சுற்றினீர்கள். திரும்பாமல் முகத்தைக் கடல் பக்கமே வைத்துக்கொண்டு நண்டுநடையாக வலம் வந்திருந்தால் கருவறைக்கு உங்கள் நாலு பக்கமும் தெரிந்திருக்கும். நிலவு செய்வது முதலாவதை. ஒரு சுற்றுக்கு ஒரு சுழற்சி.

எத்தனை நாளில்? இங்கேதான் நாட்காட்டியின் மற்ற நிரல் தேவைப்படுகிறது. திதி சூரியனிலிருந்து அளக்கும் கோணம், நட்சத்திரம் வானத்தில் நிலவு நிற்கும் இடம். வானப் பாதையை 27 பங்காக்கினால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை). நிலவு ஒரு நாளில் ஓடுவது 13.2 பாகை. எனவே ஏறத்தாழ நாளுக்கொரு நட்சத்திரம். புறப்பட்ட நட்சத்திரத்துக்கே திரும்ப 27.32 நாள். அதுதான் நிலவு தன் அச்சில் ஒருமுறை சுழலும் காலமும்.

ஆனால் பூரணையிலிருந்து பூரணைக்கு 29.53 நாள். இரண்டேகால் நாள் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நம் திருநாட்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்தரம், சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம். எல்லாம் பூரணையை ஒட்டியவை. பூசம் எட்டாவது நட்சத்திரம், மகம் பத்தாவது, உத்தரம் பன்னிரண்டாவது, சித்திரை பதினான்காவது, விசாகம் பதினாறாவது. ஒவ்வொரு பூரணையும் இரண்டு நட்சத்திரம் முன்னே தள்ளிப் போகிறது. இரண்டு நட்சத்திரம் என்றால் 26 பாகை 40 கலை. நிலவு ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் பூமி சூரியனைச் சுற்றி நகர்ந்த தூரமும் கிட்டத்தட்ட அதே 27 பாகை. தைப்பூசத்தன்று பூசத்தில் நிறைந்திருந்த நிலவு 27 நாள் கழித்து மறுபடி பூசத்துக்கு வரும்போது திதி திரயோதசிதான் ஆகியிருக்கும். அப்படியே தொடர்ந்து ஓடி மகத்தை எட்டும்போதுதான் நிறையும். வானியல் வகுப்பில் அரை மணித்தியாலம் படம் கீறி விளக்குவதைக் கோயில் திருவிழாப் பட்டியல் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. சில மாதங்களில் இரண்டுக்குப் பதில் மூன்று நட்சத்திரம் தள்ளும், கார்த்திகையிலிருந்து திருவாதிரைக்குப் போவது அப்படி. 27 பங்கை ஓராண்டின் 12.37 பூரணைகளுக்குப் பிரித்தால் இரண்டுக்குச் சற்று மேலே வருவதால் அந்த மிச்சம் இடைக்கிடை சேர்ந்து வருகிறது.

நிலவில் நிற்பவருக்கு ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை 29.53 நாள். பகல் பதினைந்து திதி, இரவு பதினைந்து திதி. நம் பக்கத்து நடுப்பகுதியில் வளர்பிறை அட்டமியில் விடியும், பூரணையில் உச்சிப்பொழுது, தேய்பிறை அட்டமியில் பொழுதுபடும். மறுபக்கத்தின் நடுவில் உச்சிவெயில் அடிப்பது நமக்கு அமாவாசையாக இருக்கும்போது. அதை "இருண்ட பக்கம்" என்று எழுதுகிறவர்கள் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சுழற்சியும் சுற்றும் இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போவது தற்செயல் அல்ல. நிலவின் நம் பக்கத்து முனையை பூமி சற்று அதிகமாக இழுக்கிறது, அப்பக்கத்து முனையைச் சற்றுக் குறைவாக. இந்த வித்தியாசம் நிலவைப் பூமியின் திசையில் கொஞ்சம் நீட்டி வைக்கிறது. ஆரம்பத்தில் நிலவு வேகமாகச் சுழன்றபோது, நீண்ட பகுதி சுழற்சியோடு இழுபட்டுப் பூமியின் நேர்க்கோட்டைவிட்டு முன்னே போய்விடும். பூமியின் ஈர்ப்பு அதைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும். பாறை நெளிந்து நெளிந்து சூடாகும், அந்தச் சூட்டுக்கான சக்தி சுழற்சியிலிருந்து போகும். வேகம் குறைந்து குறைந்து, நீண்ட பகுதி நேர்க்கோட்டிலேயே நிற்கும் நிலைக்கு வந்ததும் இழுக்க ஒன்றுமில்லை. அங்கே பூட்டிக்கொண்டது. பூமியின் திணிவு நிலவைவிட 81 மடங்கு என்பதால் இந்தப் போட்டியில் முதலில் நின்றது நிலவு. வியாழனின் நாலு பெரிய நிலவுகளும் இப்படியே பூட்டுண்டவை. புளூட்டோவும் அதன் நிலவு சாரனும் இன்னும் ஒருபடி மேல், இரண்டும் ஒன்றையொன்று 6.39 நாளுக்கொருமுறை சுற்றிக்கொண்டு முகத்துக்கு முகம் பார்த்தபடி நிற்கின்றன.

பூமியிலும் அதே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவானதால் அமாவாசை, பூரணைப் பெருக்கைக் கவனிக்காமலே இருந்துவிடலாம். உலகம் முழுக்கச் சேர்த்தால் அந்த உராய்வு பூமியின் நாளை நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லிசெக்கன் நீட்டுகிறது, நிலவை ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் தள்ளிவிடுகிறது. இது ஊகம் அல்ல. 1969இல் அப்பலோ 11உம், 1971இல் அப்பலோ 14, 15உம் வைத்துவிட்டு வந்த கண்ணாடித் தட்டுகளில் லேசர் ஒளியை அடித்து, திரும்பிவரும் நேரத்தை அளந்து எடுத்த கணக்கு.

"ஒரே பக்கம்தான் என்கிறீர்கள், நேற்று முயல் நிமிர்ந்திருந்தது, விடியப்பறம் தலைகீழாகக் கிடந்ததே?" இது அடிக்கடி வரும் கேள்வி, நல்ல கவனிப்பும்கூட. இதைச் சரிபார்க்க ஒரு அடையாளம் வேண்டும். நிலவின் விளிம்போரமாக, மற்றத் திட்டுகளோடு சேராமல் தனியே நிற்கும் ஒரு சிறிய கறுப்பு முட்டை வடிவம் இருக்கிறது. அதன் பெயர் மாரே கிரிசியம், குறுக்கே 500 கிலோமீற்றருக்கு மேல், பழைய எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளி. பூரணையன்று டச்பேயில் நிலவு கிளம்பும்போது அது தட்டின் மேற்புறம் இருக்கும். விடியப்பறம் நிலவு மேற்கே இறங்கும்போது கீழ்ப்புறம் வந்துவிடும். நிலவு திரும்பவில்லை. அது நம் தலைக்குமேல் வந்து மறுபக்கம் இறங்கும்போது நாம்தான் உடம்பைத் திருப்பிக்கொண்டு பார்க்கிறோம். நடு அகலாங்கு நாடுகளில் இந்தத் திருப்பம் குறைவு, நமக்குக் கிட்டத்தட்ட அரைவட்டம்.

அதே முட்டை இன்னொன்றையும் காட்டும். அது நிலவின் 59ஆம் கிழக்கு நெடுங்கோட்டில் இருப்பதால் அங்கே விடிவது திருதியையில். மூன்றாம் பிறையைப் பைனாகுலரில் பார்த்தால் இருளின் கோடு அதன்மேல் ஓடுவது தெரியும். பிறகு பூரணைவரை அது அதே விளிம்பருகில் நிற்கும், தேய்பிறைத் திருதியையில் இருளுக்குள் போகும். ஆனால் விளிம்புக்கும் அதற்கும் இடையிலுள்ள வெள்ளை இடைவெளியை உற்றுப் பாருங்கள். ஒரு கிழமைக்கு அகலமாக இருக்கும், இன்னொரு கிழமைக்கு நூலாக மெலிந்திருக்கும். நிலவு சீரான வேகத்தில் சுழல்கிறது, ஆனால் சீரற்ற வேகத்தில் சுற்றுகிறது. சுற்று முந்தும்போது ஒரு ஓரம் எட்டிப் பார்க்கும், பிந்தும்போது மற்ற ஓரம். பக்கவாட்டில் இந்தத் தள்ளாட்டம் 8 பாகைவரை போகும். நிலவின் அச்சு அதன் பாதைக்கு 6.7 பாகை சரிந்திருப்பதால் மேலும் கீழுமாகவும் தலையாட்டல் உண்டு. இவற்றால் நாம் ஒரு நேரத்தில் பாதியையே பார்த்தாலும், காலப்போக்கில் மொத்த மேற்பரப்பில் 59 வீதத்தைப் பார்த்துவிடுகிறோம்.

மிஞ்சிய 41 வீதத்தை முதலில் கண்டது 1959 ஒக்டோபர் 7இல் சோவியத் ஒன்றியத்தின் லூனா 3. படங்கள் மங்கல், ஆனாலும் கறுப்புத் திட்டுகள் மிகக் குறைவென்பது உடனே தெரிந்தது. நம் பக்கத்தில் அவை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. அந்தப் பக்கத்தில் ஓரிரு வீதம் மட்டும். 2019 ஜனவரி 3இல் சீனாவின் சாங்-இ 4 அங்கே இறங்கியபோது, அங்கிருந்து பூமியை நேரே பார்க்க முடியாததால், செய்தி அனுப்பவென்றே ஒரு செய்மதியை முன்கூட்டியே ஏவ வேண்டியிருந்தது. 2024 ஜூனில் சாங்-இ 6 அந்த மண்ணில் 1,935 கிராமைக் கொண்டுவந்து சேர்த்தது.

தள்ளாட்டத்தைத் தாங்களே அளக்க விரும்புகிறவர்களுக்கு 10×50 பைனாகுலரும் தொலைபேசிக் கமெராவும் போதும். வாடைக்காற்றுக் காலத்தில் வானம் விடாது, மாசியிலிருந்து புரட்டாசி வரை வைத்துக்கொள்ளுங்கள். பைனாகுலரை முக்காலியில் கட்டி, கமெராவைக் கண்வில்லையில் பொருத்தி, திரையில் நிலவைத் தொட்டுக் குவியத்தைப் பூட்டி, கறுப்புத் திட்டுகள் தெரியும்வரை வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். தானியங்கியில் விட்டால் வெள்ளைப் பொட்டுத்தான் விழும். சில தொலைபேசிகள் நிலவென்று கண்டதும் தாமாகவே நுணுக்கம் சேர்த்துவிடும், அந்த வசதியை நிறுத்திவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் அளப்பது நிலவை அல்ல, தொலைபேசியின் கற்பனையை. படத்தில் நிலவின் குறுக்களவை 100 மில்லிமீற்றராக்கி, கிரிசியத்தின் வெளி ஓரத்திலிருந்து விளிம்புவரை அளவுகோலால் அளந்தால், 1 மில்லிமீற்றரிலிருந்து 6 மில்லிமீற்றர்வரை மாறக் காண்பீர்கள். ஒரே வளர்பிறைக்குள், மூன்றாம் பிறையிலிருந்து பூரணை வரை எடுத்தாலே வித்தியாசம் தெரியத் தொடங்கும். பூரணைப் படங்களை மட்டும் வைத்து ஒப்பிடுவதானால் அடுத்தடுத்த மாதங்களை எடுக்காதீர்கள், மாற்றம் மெதுவாகத்தான் தெரியும்; ஏழு மாத இடைவெளி விட்டு எடுத்த இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.